இடம் மாறிய ‘லேட்’

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண், கைபேசிக் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டாள். மாமா வரத் தாமதமாகும் என்று சொல்ல நினைத்தவள், ‘மை லேட் அங்கிள்’ வந்து கூட்டிப்போவார் என்று எழுதிவிட்டாள். அதாவது, காலமான மாமா கார் ஓட்டி வருகிறார். எல்லாரும் சிரித்தார்கள். ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவதே என் பிழைப்பு; நான்தான் முதலில் சிரித்திருக்க வேண்டும். எனக்கோ எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மையின் வாடை மூக்கில் ஏறியது.

உங்களுக்கு அந்த வாடை ஞாபகமிருக்கிறதா? கிள்ளான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடையில் பிறருக்குக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்த நாட்களில், என் விரலெல்லாம் அதுதான். இருபது வயது. பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி என்பதால் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பேன்.

சரோஜா அக்கா ஒருநாள் காலையில் வந்தார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். கணவர் முனியாண்டி அண்ணன் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஷா ஆலாம் தொழிற்சாலைக்கு ஓடுவார், நேரமாகிவிடும். மன்னிக்கச் சொல்லி மேலாளருக்கு அக்கா பெயரில் ஒரு கடிதம் வேண்டுமாம். நான் அடித்தேன்: ‘ப்ளீஸ் எக்ஸ்கியூஸ் மை லேட் ஹஸ்பண்ட்.’ சுருக்கமாக, அழகாக இருப்பதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அண்ணனே அதை எடுத்துக்கொண்டு படியேறினார். ‘லேட்’டைச் சுற்றி மேலாளர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

“என்னைச் சாகடிச்சிட்டியேம்மா,” என்று சிரித்தார்.

கூசிப்போய் வேறு அடித்துக் கொடுத்தேன். பழையதைக் கிழிக்கக் கேட்டேன். தரவில்லை. கூட்டாளிகளிடம் காட்ட வேண்டுமென்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் இருக்கும். சரோஜா அக்கா தனியாக வந்தார். அண்ணன் சுகமா என்று கேட்டேன். காய்ந்து விறைத்த ஒரு தாளை மேசையில் வைத்தார். மழையில் ஊறிச் சிவப்பு மை தாள் முழுக்கப் பரவியிருந்தது. டைப் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

“அவர் பாக்கெட்ல இருந்துச்சு,” என்றார். அன்று அக்காதான் கிளம்பத் தாமதமாம். அவரை இறக்கிவிட்டு அவசரமாகப் போனவர், மழையில் ஒரு லோரிக்கடியில் சறுக்கியிருக்கிறார்.

தொழிற்சாலையில் அவருடைய சட்டையும் குடையும் கிடந்தன. அவற்றை வாங்கிக்கொள்ள இன்னொரு கடிதம் வேண்டும்.

“அன்னைக்கி அவர எப்படி எழுதினீங்களோ அப்படியே எழுதுங்க. இப்ப சரியாத்தானே லா இருக்கும்.”

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அடித்தேன். எப்போதும் எங்காவது தடுமாறும் என் விரல்கள், ‘மை லேட் ஹஸ்பண்ட்’ என்ற அந்த மூன்று சொற்களை ஒரு பிழையுமில்லாமல் அடித்தன. என்னைக் கேட்காமலே அடித்ததுபோல் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டு, இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்து எடுத்துப்போனார்.

அதன்பின் அவரைப் பார்க்கவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகுதான் தேடிப்போகும் தைரியம் வந்தது. மூன்று முறை அடித்த விலாசம், மனப்பாடம். சாலையின் பெயர்ப்பலகை இருந்தது. வீட்டு வரிசை இல்லை. கார் நிறுத்தும் கட்டடம் நின்றது. காவலாளியிடம் வீட்டு எண்ணைச் சொன்னேன்.

“அப்படி நம்பரே இங்க இல்லையே, ஆன்டி,” என்றார்.