மின்விசிறிக்குக் கிடைத்த பாராட்டு

"பாடல்களுக்கு அடியில் இடைவிடாமல் முனகிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைச் சுருதிதான் இந்த ஒலிநாடாவின் உயிர்" என்று கொழும்பு ஆங்கில வார இதழ் ஒன்றில் விமர்சகர் எழுதியிருந்தார். பண்டாரவளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த எங்கள் சிங்கள நண்பன் அந்தத் தாளை மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகிக் கொண்டுவந்திருந்தான். அண்ணன் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நானும் நண்பனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த ஒற்றைச் சுருதி தேயிலைத் தொழிற்சாலையின் மின்விசிறி. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "ஃபேன் நல்லா பாடியிருக்குன்னு எழுதியிருக்காரு. நான் என்னா பாடுனேன்னு எங்க எழுதியிருக்காரு?" என்று கேட்டார். அண்ணன் மறுபடி தேடிப் பார்த்தார். அண்ணி ஓரிடத்தில் வந்திருந்தார், 'ஆவேசமான இளைஞன்' என்று.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கம். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் வேலை. மேல்மாடியில் பரப்பிய கொழுந்து வாடும்வரை பெரிய மின்விசிறிகள் ஓடவேண்டும். அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. விட்டு நகர முடியாது. அதனால் நாங்கள் அங்கேயே போய்ப் பாடிப் பதிவு செய்தோம். பாடுவது அண்ணி, அண்ணன் கிட்டார், நண்பன் பேஸ் கிட்டார், டிரம்ஸ் நான். விசிறியை நிறுத்தினால் கொழுந்து கெட்டு, தோட்டத்தை நடத்தும் துரை எங்கள் தோலை உரித்திருப்பார். ஆகவே அதுவும் எங்களோடு சேர்ந்து பாடியது. நாங்கள் வாசித்தது 'மெட்டல்கோர்' என்கிற அலறல் இசை என்பதையே அந்த விமர்சனத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். "பேரு வச்சது அவங்களா இருக்கட்டும், புள்ள நம்மளுது" என்றார் அண்ணி.

அண்ணிக்குப் பகலில் புள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. கதவு திறக்கிற சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும் பிள்ளையைக்கூடத் தட்டித் தட்டித் தூங்கவைத்துவிடுவார். அதே வாய் மாலையில் மைக் முன்னால் திறந்தால், அம்மாடி! அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வரும் அந்த அலறலை முதல்முறை கேட்டபோது எனக்குக் கையிலிருந்த குச்சி நழுவியது. எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். நாலடி பத்தங்குல உயரத்துக்குள் அவ்வளவு பெரிய கோபத்தை ஒளித்துவைத்திருந்த ஆளை இன்றுவரை பார்த்ததில்லை. பாட்டெழுதியதும் அவர்தான். சொற்கள் யாருக்காவது போய்ச் சேரவேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டாவது தொகுப்பை நாடாவாக இல்லாமல் சிடி இறுவட்டாகக் கொண்டுவந்தோம். கொழும்பில் குளிரூட்டிய அறையில், ஈ பறந்தால் கேட்கும் அமைதியில் பதிவு. இனி விசிறி குறுக்கே வராது, குரல் தெளிவாகக் கேட்கும் என்று அண்ணி நம்பினார். உறையில் தன் படத்தையும் போடச் சொன்னார், மறுபடி யாரும் இளைஞன் என்று எழுதிவிடக்கூடாதே. அதே விமர்சகர் எழுதினார்: முதல் நாடாவில் இருந்த மலைப்பகுதியின் மர்ம முனகல் இதில் இல்லை, குழு தன் ஆன்மாவை நகரத்தில் தொலைத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த விசிறியைக் கழற்றி அவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. பதுளையில் வாத்தியாராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தமிழ் வார இதழில் இசை பற்றி எழுதிவந்தார். நல்ல மனுஷன், அண்ணியை நேரில் பார்த்தே சொன்னார். "பிள்ளை, குரல் பெரிய குரல்தான். ஆனா நல்ல வரியளை எழுதிப்போட்டு ஏன் இப்பிடிக் கத்துறீர்? மெதுவாப் பாடினா என்ன?" அதையே இதழிலும் எழுதினார்.

கொழும்பு விமர்சகர் சொன்னதை அண்ணி தூசி மாதிரித் தட்டிவிட்டார். வாத்தியார் சொன்னதுதான் உள்ளே இறங்கிவிட்டது. "அவரு சொல்றது சரியா இருக்குமோ, தம்பி? வெளங்காத பாட்ட யாருக்குப் பாடுறது?" என்று என்னிடம் கேட்டார். பிறகு பயிற்சிக்கு வரவில்லை. அண்ணன் கெஞ்சினார், நண்பன் பண்டாரவளையிலிருந்து வந்து கெஞ்சினான். "போதுங்க, விட்ருவோம்" என்று முடித்துவிட்டார். மைக்கைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்கெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகள் பாடத் தொடங்கினால் வெற்றிலையை எடுத்துக்கொண்டு பக்கத்து லயத்து வீடுகளுக்குப் போய்விடுவார். வீடு அமைதியானபிறகு ஒருநாள், அண்ணி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கையில், அம்மா எதிரே உட்கார்ந்தார். "ஏம் புள்ள, அந்தத் தராசுப் பாட்டுல என்னாதான் சொல்லிக் கத்துன? மெதுவா சொல்லு."

அண்ணி நிமிராமலே சொன்னார். "ஈரத்துக்குக் கழிச்ச, சாக்குக்குக் கழிச்ச, ஏறி வந்த மலைக்கு என்னய்யா கூட்டுன?"

அம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கணக்கப்பிள்ளை கிலோக்களைக் கழிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அம்மா பறிக்கப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பவர்.

"இதையா சொன்ன?" என்றார். "அடிப் பாவி, இத மெதுவா சொன்னா எவன் கேப்பான்?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். எந்த இதழிலும் யாரும் எழுதாத விமர்சனம் அது. இன்று பெண்கள் இப்படிப் பாடுவதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஆயிரம் பேர் ஆயிரம் கருத்துச் சொல்கிறார்கள். சிலவற்றை நானும் வாசிக்கிறேன். அம்மா சொன்னதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் அகப்படவில்லை.

அந்த வாரமே நடந்தது. நான் அப்போது கொழுந்து லொறியில் வேலை செய்ததால் என் கண்ணாலேயே பார்த்தேன். நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்று வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. அம்மாவின் முறை வந்தது. கணக்கப்பிள்ளை தராசைச் சரியாகப் பார்க்காமலே "ஈரத்துக்கு ரெண்டு" என்று பேனாவை ஏட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஈரத்துக்குக் கழிச்ச!" என்று அம்மா அலறினார்.

லொறியிலிருந்த நான் சாக்கைத் தவறவிட்டேன். கணக்கப்பிள்ளையின் பேனா அந்தரத்தில் நின்றது. "சாக்குக்குக் கழிச்ச!" என்று அம்மா தொடர்ந்தபோது, பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வரியை வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் சேர்ந்து கத்தினார்கள். லயத்துச் சுவர் வழியே அத்தனை நாள் அந்தப் பாட்டு எல்லோருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கணக்கப்பிள்ளை குனிந்து முதன்முறையாகத் தராசு முள்ளைப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதினார்.

அம்மா வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டிப்போயிருந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே அண்ணியிடம் போனார்.

"முழுசா எழுதிட்டான் புள்ள," என்றார் கரகரத்த குரலில். "அடுத்தது என்னா பாட்டு?"