கமீலா ராத்தாவின் லைசன்

“மைமூனாட கடையில எத்தின பிரேம் தொங்குது, புள்ள?”

“நாலு, ராத்தா.”

“போன மாசம் மூண்டுதானே?”

“தண்ணி றிப்போட்டையும் இப்ப மாட்டியிருக்காங்க.”

“தண்ணி றிப்போட்டையா? திங்க வாற சனம் சோத்தப் பாக்குமா, செவர அண்ணாந்து பாக்குமா?” கமீலா ராத்தா துடைத்த அகப்பையையே மறுபடி துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பிரேம் என்ன நிறம்?”

“தங்க நிறம்.”

“தெரியும். அவளுக்குச் சின்னதிலயே மினுங்கினாப் போதும்.”

நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கையில் நடந்த கதை இது. பதில் சொன்னவள் பக்கத்து வீட்டு றுஸ்னா. தமிழும் சிங்களமும் படித்தவள் என்பதால் அந்த ஒழுங்கையின் விண்ணப்பப் படிவங்கள் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். கமீலா ராத்தாவுக்கு அதுவே பிடிக்கும்.

ராத்தாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடமாக வீட்டுக் குசினியிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிறாள். கல்முனை பஸார்க் கடைக்காரர்களுக்கு அவளுடைய கத்தரிக்காய்ப் பால்கறி இல்லாமல் பகல் கழியாது. வீட்டு முன்பக்கத்தைக் கடையாக்கி, தரைக்கு மாபிள் பதித்து, ஷட்டரும் போட்டாயிற்று. பெயர்ப் பலகை மட்டும் சாக்கு சுற்றியபடி சுவரோரம் நிற்கிறது. மாநகர சபையின் சாப்பாட்டுக் கடை லைசன் வராமல் அதை ஏற்ற முடியாது.

எனவே பச்சை நிற பைல் ஒன்று எந்நேரமும் அவள் கக்கத்தில் இருக்கும். மீன் வாங்கப் போனாலும் இருக்கும். வியாபாரப் பதிவு, சமைக்கும் மூன்று பேரின் மருத்துவச் சான்று, காணி உறுதியின் பிரதி எல்லாம் அதற்குள்; லைசனுக்குக் குறைவது நல்ல தண்ணீர் றிப்போட் ஒன்றுதான். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் போவது காசு மேசைக்கு மேலே பிரேம் போட்டு மாட்டிய லைசனுக்குத்தான். ஒருமுறை பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, முதலாளியைக் கூப்பிட்டு, “தம்பி, ஒங்கட லைசன் மார்கழியோட முடிஞ்சி” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

மைமூனா அவளுடைய கூடப்பிறந்த தங்கை. அவர்களுடைய உம்மா ஒரே காணியை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் சீதனமாக எழுதியிருந்தார். கிணறு எல்லையில் நிற்கிறது. மதில் அதன் நடுவால் போகிறது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், ஆளுக்கொரு கப்பி. அந்தத் தண்ணீரைத்தான் மைமூனா போத்தலில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நல்ல தண்ணீர் என்று அறிக்கை வந்தது. லைசனும் கிடைத்து அவள் கடையும் திறந்தது.

முப்பது வருடம் அதே தண்ணீரில் சோறாக்கிய கமீலா ராத்தாவுக்கு அன்றிலிருந்து அது “அவட தண்ணி”. ஆளைப் பிடித்துப் பின்வளவில் குழாய்க் கிணறு இறக்கினாள். எங்கே இறக்குகிறோம் என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. பரிசோதிக்க வந்த சுகாதார அதிகாரியான பீ.எச்.ஐ. குழாயிலிருந்து மலசலகூடக் குழிவரை நடந்து பார்த்தார். ஒன்பதே எட்டில் குழி வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதுக்கு றிப்போட் வரத் தேவையே இல்ல ராத்தா” என்றார். ஆனாலும் றிப்போட் வந்தது. குடிக்க உகந்ததல்ல.

“பாத்தியா புள்ள? தண்ணியும் அவட பக்கம் சாஞ்சிட்டு.”

ஒரே வழிதான் இருந்தது. எல்லைக் கிணற்றிலிருந்து கடைக்குக் குழாய் இழுக்க வேண்டும்; கிணறு இருவருக்கும் பொது என்பதால் மைமூனா சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பதினொரு நாள் ராத்தா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் றுஸ்னாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள்.

“‘அன்புள்ள தங்கச்சி’ எண்டு போடவா, ராத்தா?”

“போடு, போடு. கேக்கிற நேரம் அப்பிடித்தான் போடணும்.”

கடிதத்தை இருமுறை வாசிக்கக் கேட்டாள். பச்சைப் பைலை அன்றுதான் முதல் தடவையாக இன்னொருவர் கையில் கொடுத்தாள். றுஸ்னா அதோடு மைமூனாவிடம் போகப் படலையைத் திறக்கையில் ராத்தா பின்னால் ஓடிவந்தாள். தையல் பெட்டியிலிருந்து எடுத்த அளவு நாடாவைச் சுருட்டி அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

“அவ கையெழுத்து வைக்கிற நேரம் அந்தப் பிரேம மெல்லமா அளந்துக்கிட்டு வா, புள்ள. என்ட பிரேம் அதவிட ஒரு இஞ்சியாவது பெரிசா இரிக்கணும்.”