அப்பா செய்த துவக்கு, அம்மா வைத்த வெடி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் செத்த வீட்டிலேயே என்னைத் தனியாக அழைத்துக் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, கொப்பர் வீட்டில துவக்குச் செய்தவராம், மெய்யோ?" மெய்தான்; துப்பாக்கியேதான். மூத்த மகள் என்ற முறையில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா சாவகச்சேரியில் ஐவரில் நடுப்பிள்ளையாகப் பிறந்தார். போர்க்காலத்தில் அகதியாக இலண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் சில காலமும், மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் பட்டறையில் முப்பது ஆண்டுகளும் உழைத்தார். இலண்டன் புறநகரான சட்டனில் வீடு வாங்கி எங்கள் மூவரையும் படிப்பித்தார். எவரையும் கடிந்து பேசியறியாதவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஓர் அருங்காட்சியகத்தில், வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் பழைய நீளத் துவக்கு ஒன்றைக் கண்டார். மேப்பிள் மரத்தில் பித்தளைப் பூவேலை. அரை மணி நேரம் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில், "இதைப்போல ஒண்டு செய்யப்போறன்" என்றார்.

"துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்த மனிசன், இஞ்ச வந்து இடியன் துவக்குச் செய்யப்போறாராம்!" என்று அம்மா பெட்டியிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்.

"ஊரில துவக்கின்ர முன்பக்கத்தை மட்டும்தான் எனக்குக் காட்டினவங்கள்," என்றார் அப்பா. "பின்பக்கத்தில என்ன இருக்கெண்டு ஒருக்கா பாக்கவேணும்."

பழந்துவக்குக் கழகம் ஒன்றில் சேர்ந்து உரிமத்துக்கு விண்ணப்பித்தார். விசாரிக்க வந்த காவல்துறை அதிகாரி, வீட்டில் ஏதும் பிணக்கு உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். "இந்தத் துவக்கைத் தவிர வேற ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் அம்மா. நான் அதன் பின்பாதியை மட்டுமே மொழிபெயர்த்தேன். இன்று ஒப்புக்கொள்கிறேன்.

குழலைக் கழகத்தார் தேடித் தந்தார்கள். மற்றதெல்லாம் தோட்டத்துக் கொட்டிலில் அப்பாவின் கைவேலை. துவக்கின் பிடிக்கான முதல் மரக்கட்டையைச் செதுக்கிச் செதுக்கி ஓட்டையாக்கினார். அது அம்மாவின் தக்காளிச் செடி சாயாமல் முண்டுகொடுக்கப் போயிற்று. இரண்டாவது, பொழுதெல்லாம் உள்ளங்கையால் எண்ணெய் தேய்த்ததில் மினுங்கியது. அதில் பதிக்கப் பித்தளைத் தகட்டில் மயில் ஒன்றை வெட்டினார்.

அம்மா பார்த்துவிட்டு, "இது கோழியெல்லோ?" என்றார்.

அப்பா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "அதுக்கென்ன? முருகன்ர கொடியில இருக்கிறதும் அதுதானே" என்று கூறி ஆணி அடித்துவிட்டார்.

நான்கு ஆண்டுகளின் பின் வேலை முடிந்தது. கழகத் திடலில் குடும்பமாக நின்றோம். அப்பா மருந்து போட்டார், குண்டை இடித்தார், துவக்கைத் தோளில் வைத்தார். அப்படியே நின்றார். பிறகு மெல்லத் தாழ்த்தினார்.

"எனக்கு ஏலாது" என்றார்.

அம்மா கைப்பையைப் புல்லில் வைத்தார். "தாங்கோ இஞ்ச. நாலு வருசம் இந்தக் கோதாரியோட குடும்பம் நடத்தினது நான்."

கழகத் தலைவர் பக்கத்தில் நின்று பிடிக்கும் விதத்தைக் காட்டினார். வெடி அதிர்ந்தது. புகை கலைந்தபோது அப்பா கண்ணை இறுக மூடி, காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை" என்றார் அம்மா.

அன்று மாலைவரை ஏழு வெடி. ஐந்து அம்மா வைத்தது, கடைசி இரண்டும் அப்பா.

சென்ற ஆண்டு இதயநோயால் மருத்துவமனையில் படுத்தபோது, தொழில் என்னவென்று கேட்ட தாதியிடம் "துவக்குச் செய்யிறனான்" என்றுதான் ஆங்கிலத்தில் விடையளித்தார். அந்தத் தாதி அதற்குப் பயந்து அவரை வேறு கட்டிலுக்கு மாற்றாமல், கடைசிவரை அன்போடு பார்த்தார். அத்தாதிக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர்க்கும், சோறு சமைத்து அனுப்பிய அயலவர்க்கும், கறுப்பு உடுத்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிய கழகத்தார்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தபடியால் துவக்கைக் கழகம் பொறுப்பேற்றது. எழுபத்தொரு வயதில் அம்மா தாமே விண்ணப்பித்தார். என்ன காரணம் என்று எழுதுவது எனக் கேட்டேன். "வெடி வைக்கத்தான். வேற என்னத்துக்கு?" என்றார்.

உரிமம் கிடைத்துவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு கழகத் திடலுக்குப் போகிறார். கூட வர விரும்புவோர் முன்கூட்டியே அறியத் தரவும். காரில் மூவருக்கு மட்டுமே இடமுண்டு.