எந்த லைட் எரியுது சார்?

இன்டர்நெட் சரி பண்ணப் போகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெட் வந்துவிடும். அவன் திரும்பிப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் போய்விடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடி நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள், என்னைத் திட்டியும் இருப்பீர்கள். வட்டத்தின் இந்தப் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பீரோவுக்குள் ஒரு ரவுட்டர்

ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். ஹாலில்கூட வைஃபை வரவில்லை என்று புகார். போய்ப் பார்த்தால் ரவுட்டரையே காணோம். ஒயர் மட்டும் சுவரோரமாகப் போய் இரும்பு பீரோவின் முதுகில் நுழைகிறது. அவரே டிரில்லிங் மிஷினால் அளவாக ஓட்டை போட்டு, ஒயர் அறுபடாமல் இருக்க ரப்பர் வாஷரும் மாட்டியிருந்தார். தொழிற்சாலைக்காரர் வேலை, குறை சொல்ல முடியாது. சாவி போட்டுத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் ரவுட்டர் சூடாக உட்கார்ந்திருந்தது.

அக்கம்பக்கத்தார் வைஃபையைத் திருடிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வராது, திருட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டாலே போதும் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பீரோக் கதவை ஒரு தடவு தடவிவிட்டுச் சொன்னார்: “ஹால்ல இருக்க எனக்கே வரமாட்டேங்கு. அப்போ பக்கத்து வீட்டுக்காரனுக்கு எங்க போவும்? பூட்டு நல்லாத்தான் வேலை செய்யுது.”

எல்லாமே சிவப்பு

ஆயுத பூஜைக்கு மறுநாள் அம்பத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். வழக்கம்போல எந்த லைட் எரிகிறது என்று கேட்டேன். “எல்லாமே சிவப்பா இருக்கு” என்றார். எனக்குக் கொஞ்சம் கலக்கமாகிவிட்டது. அந்த மோடத்தில் இருப்பதே ஒரேயொரு சிவப்பு லைட்டுதான். மற்றதெல்லாம் பச்சை.

என்னோடு ஒயர் இழுக்க வருகிற டில்லியை அழைத்துக்கொண்டு போனேன். டில்லி பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அங்கே ஒவ்வொரு லைட்டின் மேலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். பொட்டு வைக்கும் முன் ஒயரைக் கழற்றி, ஃபைபர் முனையை ஈரத் துணியால் துடைத்து, அதற்கும் சந்தனம் தொட்டு வைத்திருந்தார்கள். ஒளி போகிற வழியில் சந்தனம் இருந்தால் நெட் எப்படி வரும்? முனையைத் துடைக்கச் சொல்லி டில்லியிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “சாமிக்கு வெச்சத தொட்ச்சா பாவம்ணா. நீ சீனியரு, நீயே தொட்ச்சிடு. என் ஊட்ல கொயந்த கீது.”

ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாங்கள் தினமும் ஜபம் மாதிரி சொல்கிறோம். திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இருந்த பெரியவருக்கும் போனில் இதைத்தான் சொன்னேன். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து பிளக்கைத் தொட அவருக்கு முட்டி மடங்காது. ஆகவே கீழே மீட்டர் ரூமுக்குப் போய், மொத்த பிளாக்குக்கும் மெயினை ஆஃப் செய்து, நிதானமாக ஆன் செய்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். பின்னணியில் யாரோ இரும்புக் கதவைத் தட்டுகிற சத்தம். என்ன சார் அது என்று கேட்டேன்.

“நெட் நல்லா வருது தம்பி. அசோசியேஷன் செகரட்டரி லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாரு, அது வேற டிபார்ட்மென்ட்.”

மேசைக்கு அடியில்

ஐயப்பன்தாங்கலில் மூன்றாவது மாடி. திவ்யா என்ற பெண்ணுக்கு வேலை போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு வீடியோவில் இன்டர்வியூ, சரியாக அன்றைக்கே நெட் இல்லை. ஃபைபர் முனையில் இருக்கிற கனெக்டரின் கொக்கி உடைந்திருந்தது. என் பையில் வேறு கனெக்டர் இல்லை. டில்லி எடுத்து வருகிறான், ஆனால் குமணன்சாவடியில் வண்டி நகரவில்லை. மொபைல் சிக்னல் பால்கனியில்தான் கிடைக்கும். பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பைல் அடித்துக்கொண்டிருந்தார்கள், பால்கனியில் நின்றால் நம் குரல் நமக்கே கேட்காது. அந்தப் பெண் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் புகுந்து கனெக்டரை விரலால் அழுத்திப் பிடித்தேன். நெட் வந்தது. விரலைத் தளர்த்தினால் போய்விடும். “நீங்க பேசும்மா” என்றேன்.

முதல் பாதி நன்றாகப் போனது. அப்புறம் மேசைக்கு அடியில் இருந்த தூசி மூக்கில் ஏறி, நான் தும்மினேன். அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, பதில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று இங்கிலீஷில் கேட்டது. திவ்யா ஒரு நொடி யோசித்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கி மேசைக்கு அடியில் காட்டிவிட்டாள். திரையில் மூன்று பேர் என்னை உற்றுப் பார்த்தார்கள். எழுந்தால் அவர்கள் மறைந்துவிடுவார்கள், அதனால் எழவும் முடியாது. இடது கையால் ஒரு வணக்கம் வைத்தேன். “பதில் சொல்லித் தர்றீங்களா?” என்று நடுவில் இருந்தவர் தமிழிலேயே கேட்டார். “நான் ஐடிஐ சார். நீங்க கேட்ட கேள்வியே எனக்குப் புரியல” என்றேன். தொடரச் சொன்னார்கள். முடியும்வரை பிடித்திருந்தேன். டில்லி வந்து இழுத்துத்தான் என்னை வெளியே எடுத்தான்.

அடுத்த வாரம் திவ்யா போன் செய்தாள். “வேலை கிடைச்சிடுச்சுண்ணா. வீட்ல இருந்தே பார்க்கலாமான்னு கேட்டேன். உங்க கனெக்‌ஷனைப் பார்த்துட்டோம், நீங்க ஆபீஸுக்கே வந்துடுங்கன்னு சொல்லிட்டாங்க.”

அணில் தரப்பு வாதம்

அயனம்பாக்கத்தில், ஏரியைப் பார்த்த ஒரு வீடு. பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு சாயங்காலம் வீடியோவில் பேசுவதுதான் அவருக்கு முக்கியம். கேபிளோ அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. மதில் மேல் போகிற ஒயரில் சின்னச் சின்னப் பல் தடம், அணில் வேலை. குழாய்க்குள் விட்டேன், குழாய் முடிகிற இடத்தில் கடித்தது. ஒருநாள் ஏணியில் நிற்கும்போது அந்த அணிலே வந்து, நான் ஒட்டுப்போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. அதே மதிலில், ஒயருக்குப் பக்கத்தில், கிண்ணம் நிறைய வேர்க்கடலை. கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கக்கூடாதா என்று பணிவாகக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“நான் வெக்கிறது வேர்க்கடலை, அது கடிக்கிறது உங்க ஒயர். ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டு அது மேல பழி போடாதீங்க.”

பாஸ்வேர்டு பஞ்சாயத்து

நசரத்பேட்டையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அவர் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். விவரம் தெரியாமல் நான் உள்ளே போய் மாட்டிக்கொண்டேன். அவருக்குப் போன் போட்டால், “முதல்ல அவளை சாரி சொல்லச் சொல்லுங்க” என்கிறார். அந்த அம்மா, “தப்பு யாருதுன்னு கேட்டுச் சொல்லுங்க” என்கிறார். இரண்டு பக்கமும் நான்தான் எடுத்துச் சொன்னேன், கடுமையான வார்த்தைகளை மட்டும் கொஞ்சம் குறைத்து. கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். “அவ பேரைத்தாங்க வெச்சிருக்கேன்” என்றார்.

“அதைத்தான் முதல்லயே போட்டுப் பார்த்தேன், திறக்கலையே” என்றார் அந்த அம்மா. போனில் அவரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். இங்கிலீஷில் அவர் சொன்ன சுபாஷிணியில் ஒரு எச் குறைந்தது. நெட் வந்தது, வீட்டில் பழைய சண்டை முடிந்து புதுச் சண்டை தொடங்கியது. நான் பையை எடுக்கப் போனேன். அந்த அம்மா என்னை நிறுத்திவிட்டார்.

“இருங்கண்ணா, பாஸ்வேர்டை மாத்திட்டுப் போங்க. அவரு பேரையே வைங்க, ஆனா தப்பும் தவறுமா வைங்க.”

இத்தனை வீடு பார்த்த பிறகும் என் வீட்டில் நெட் நின்றால், நான் செய்கிற முதல் வைத்தியம் மோடத்தின் தலையில் இரண்டு தட்டு தட்டுவதுதான்.