பெயரில்லாத மாத்திரை

சொரியாசிஸ் என்று டாக்டர் சொன்னபோது அந்தச் சொல்லையே நான் நம்பவில்லை. முழங்கைகளிலும் முதுகிலும் தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் மின் ஆய்வகத்தில் நான் உதவியாளர். மாணவிகள் என் பக்கத்தில் நிற்கத் தயங்கினார்கள். கோடையிலும் முழுக்கை ரவிக்கையே போட்டேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் வாரம் இரண்டு நாள் ஒளி சிகிச்சை. பீரோ மாதிரி ஒரு பெட்டி; உள்ளே சுற்றிலும் நீளக் குழல்விளக்குகள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். முதல் நாள் சில நொடிகள்தான். அதற்கே கையெழுத்து வாங்கினார்கள்.

"நீங்க மட்டும் ஏனுங்க வெளிய போறீங்க?" என்று, விளக்கைப் போடுமுன் அறையை விட்டுக் கிளம்பிய நர்ஸைக் கேட்டேன்.

"எனக்கு நோய் இல்லீங்களே. தினமும் எத்தனை பேருக்குப் போடறோம், நாங்களும் உள்ளயே நின்னா ஆகுமாங்க?"

பதில் சரிதான். ஆனாலும் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்த ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். கண்ணாடிக்குள்ளும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். பூசக் கொடுத்த களிம்பில் வைட்டமின் வகை மருந்து இருக்கிறது என்றார்கள். தோலுக்கு எதற்கு வைட்டமின் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

சந்தேகப்படாதது ஒன்றே ஒன்று. ஜலகண்டாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தாள். உள்ளே சின்ன வெள்ளை மாத்திரைகள். யார் செய்தது, என்ன மருந்து, எதுவும் எழுதியிருக்கவில்லை.

"மூலிகைதான் சாமி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு தின்னு."

மூன்றே வாரத்தில் செதில் மறைந்தது. விளக்குக்கும் போய்க்கொண்டிருந்தேன், பெருமை மட்டும் மாத்திரைக்குப் போனது. தீரத் தீர அக்கா வாங்கிவந்தாள். சில மாதங்களில் என் முகம் உப்பியது, பசி அடங்கவில்லை. உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஆய்வகத்தில் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே புகை படர்ந்தது போலிருந்தது.

நேரே கிளினிக்குக்குப் போய், "உங்க லைட்டுதாங்க என் கண்ணைக் கெடுத்துருச்சு" என்று சத்தம் போட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?"

"இல்லீங்க."

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் அனுப்பிய கண் டாக்டர், சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் சோதித்தார். கண்ணுக்குள்ளே லென்ஸின் பின்பக்கம் மங்கியிருக்கிறது, கண்ணில் அழுத்தமும் கூடியிருக்கிறது என்றார். "இது லைட்டால வந்த மாதிரி தெரியலைம்மா. ஸ்டீராய்டு ரொம்ப நாள் சாப்பிட்டவங்களுக்கு இப்படி வரும்."

கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இதுலதான் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஆனா ஒரேயடியா நிறுத்திராதீங்க. நாங்க சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார்.

ஆத்திரத்தோடு ஜலகண்டாபுரம் பஸ் ஏறினேன். தெரிந்தே கொடுத்தாளா, விற்கிறவரிடம் இவளுக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று வழியெல்லாம் மனம் கண்டபடி ஓடியது. வாசலிலேயே கேட்டுவிட்டேன். அக்கா உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். அதே வெள்ளை மாத்திரைகள்.

"ரெண்டு வருசமா முட்டி வலிக்கு நானும் இதத்தான் திங்கறேன். உனக்குக் கெடுதல் பண்ணுவனா சாமி?"

அவள் முகமும் வட்டமாக உப்பியிருந்தது. அதுவரை நான் கவனிக்கவே இல்லை. மறுநாளே அவளையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

மாத்திரையைக் குறைத்ததும் செதில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. அந்தப் பெட்டிக்குள் மறுபடியும் போய் நின்றேன். இப்போது முழங்கையில் மட்டும் கொஞ்சம் மிச்சம். வலக்கண் ஆபரேஷனுக்குப் பிறகு தெளிந்துவிட்டது, இடக்கண்ணுக்குத் தினமும் சொட்டு மருந்து. அக்காவின் கண் தப்பியது; எலும்புதான் தேய்ந்திருக்கிறது.

மாத்திரை கொடுத்தவரைத் தேடி இருவரும் போனோம். கடை பூட்டியிருந்தது. எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது என்றார் பக்கத்துக் கடைக்காரர். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.