உப்பு வெளிச்சம்

என் புது மூக்குக்கண்ணாடியின் கூட்டைத் திறந்ததும் வந்த பிளாஸ்டிக் வாசனை, வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டி இருந்து, பிறகு இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே அம்பாரமாய்க் குவித்த உப்பு பகலெல்லாம் தகதகக்க, வகுப்பில் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கித்தான் கரும்பலகையைப் பார்ப்போம். உப்பளத்தில் வேலை பார்க்கும் எங்கள் அப்பா அம்மாவும் அப்படித்தானே பார்த்தார்கள், அதனால் யாருக்கும் அது குறையாகவே படவில்லை!

பக்கத்தில் இருந்த செல்வி என் நோட்டைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் எழுதுவாள்.

"டீச்சர், இவளுக்கு போர்டு தெரியல டீச்சர்" என்று ஒருநாள் சொன்னேன்.

"உப்பு வெளிச்சம் கூசுது, வேறென்ன? மகாராணி அங்கன நெழல்ல போயி உக்காரட்டும், சரியாப் போயிரும்" என்று டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்.

பள்ளி விட்டால் உப்பு லாரிகள் போகும் சாலையைத் தாண்ட வேண்டும். செல்வி ஓரத்தில் நின்று காதுகொடுத்துக் கேட்பாள், சத்தமில்லை என்றால் நடப்பாள். காற்றுக் காலம் வந்தது. ஒருநாள் காற்றின் இரைச்சலில் எதுவுமே கேட்கவில்லை.

"ஏய், லாரி வருதுடி!" என்று கத்தினேன்.

நடுச்சாலையில் நின்ற செல்வி, நேரே லாரியைப் பார்த்தபடி, "எங்கனடி?" என்றாள்.