முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள்

பிள்ளைகளா, ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் புரோகிராமை நீங்கள் காலேஜில் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது. ஆனாலும் ஜெயித்தது நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டேங்க் ஆபரேட்டர் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு நாள் ஏரித்தெரு, மறுநாள் பள்ளிக்கூடத் தெரு என்று தண்ணீர் திறந்துவிட வேண்டும். நேற்று யாருக்கு விட்டாய் என்று தினமும் சண்டை. இரண்டால் வகுத்து மீதி பார்ப்பதை நீங்கள் போனில் காட்டியதும், எனக்கு ஒரு யோசனை வந்தது. தேதியைக் கொடுத்தால், மீதி இல்லாவிட்டால் ஏரித்தெரு, ஒன்று மீதி வந்தால் பள்ளிக்கூடத் தெரு என்று காட்டும்படி எழுதினேன். கேட்பவர்களிடம் போனை நீட்டினேன். சண்டை நின்றது.

ஜூனில் தொடங்கினேன்; அது முப்பது நாளோடு முடிந்ததால் தப்பித்தேன். ஜூலை முப்பத்தொன்று ஒற்றை; பள்ளிக்கூடத் தெருவுக்கு விட்டேன். மறுநாள் ஒன்றாம் தேதி, அதுவும் ஒற்றை. போன் சொன்னபடி மறுபடி அதே வால்வைத் திறந்துவிட்டேன். ஏரித்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு மோட்டார் ரூமுக்கே வந்துவிட்டார்கள். உங்கள் அம்மா பிறந்தது பள்ளிக்கூடத் தெரு அல்லவா?

“ஏண்ணா, உங்க கம்ப்யூட்டரும் அந்தத் தெருவுலயே பொண்ணு கட்டிக்கிச்சுங்களா?” என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை முறை தப்பினால் ஆளை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்போம் என்றும் சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் ஓரவஞ்சனைக்காரன் என்ற பேச்சு வந்தது அன்றுதான்.

முப்பத்தொன்றுக்குத் தனியாக ஒரு நிபந்தனை போடலாம் என்றாள் பெரியவள். அன்றைக்கு லீவு விடச் சொன்னான் சின்னவன்.

“குடிக்கிற தண்ணிக்கு லீவு ஏதுடா” என்றேன்.

இரண்டு நாள் அதே யோசனை. கரண்ட் இல்லாத நாளில் டேங்க் நிரம்பாது, யாருக்கும் தண்ணீர் இல்லை. தேதி மட்டும் ஓடிவிடும். அன்று முறை உள்ள தெருவுக்கு நஷ்டம். அப்படியானால் எண்ண வேண்டியது தேதியை அல்ல, வால்வு திறந்த தடவையை. திறந்தால் மட்டும் ஒன்று கூட்டி, அந்த எண்ணை இரண்டால் வகுக்கச் சொன்னேன். முப்பத்தொன்றுக்கென்று தனி நிபந்தனையே வேண்டியிருக்கவில்லை. நூறு வரை கொடுத்துப் பார்த்தாள் பெரியவள்.

“எங்களுக்கு இது தோணவே இல்லப்பா” என்றாள்.

ஆகஸ்டுக்கும் முப்பத்தொரு நாள். நடுவில் இரண்டு நாள் கரண்ட் போனது. யார் முறையும் போகவில்லை. முப்பத்தொன்று அன்று பள்ளிக்கூடத் தெருவுக்கு விட்டேன். மறுநாள் விடியும்போதே ஏரித்தெருவில் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. கேலி செய்தவள் கையைக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றாள். போனைப் பார்த்தேன். ஏரித்தெரு என்றது. தெருமுனை வால்வைத் திறந்தேன். குழாய் சீறிக்கொண்டு கொட்டியது. அவள் குடம்தான் முதலில் நிறைந்தது.

“கணக்கு சரியாத்தான் இருக்குதுங்கண்ணா” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

மோட்டார் ரூமுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, புரோகிராமுக்கு மேலே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு வரி ஒன்றைச் சேர்த்தேன். அதில் என் பெயரை இனிஷியலோடு தட்டினேன்.